பஞ்சுவின் பத்தியம்

“வீட்ல யாரோ இதுக்கு மறைச்சு மறைச்சு எதையோ போடறாங்க” என்றார் நாய் டாக்டரம்மா, காதுக்குள் பார்க்கும் சின்ன விளக்கை அணைத்தபடி.

நாயைக் கூட்டிவந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஃகு மேசைமேல் நின்றிருந்த பஞ்சுவின் கழுத்துப்பட்டையைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது.

“எங்க வீட்லயா? இருக்கவே இருக்காது டாக்டர். அந்த முயல்கறியையும் உருளைக்கிழங்கையும் தவிர இது வாயில ஒரு பருக்கை படல. நானே அவிக்கிறேன், நானே போடறேன்.”

“நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. தோல் பொய் சொல்லாதுன்னு சொல்றேன். இங்க பாருங்க.” டாக்டரம்மா பஞ்சுவின் முன்னங்காலைத் தூக்கி விரல்களைப் பிரித்துக் காட்டினார். இடுக்கெல்லாம் பச்சைப் புண்ணாகச் சிவந்து கிடந்தது. வயிற்றில் முடி கொட்டி, நக்கி நக்கிக் கறுத்த தோல். “போன மாசம் வந்தப்ப இதெல்லாம் ஆறிக்கிட்டு இருந்துச்சு. காதுல நாத்தம் கூட இல்ல. இப்ப முதல்ல இருந்ததைவிட மோசம். நடுவுல வேற எதையோ தின்னுருக்கு. அதுவும் ஒரு தடவை இல்ல, தினமும்.”

பஞ்சு என்று பெயர் வைத்தபோது அது பஞ்சாகத்தான் இருந்தது. கை வைத்தால் மணிக்கட்டு வரை முடிக்குள் புதையும். இப்போது தெருவில் போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். “பஞ்சு போய் மூட்டை மட்டும் மிச்சம்” என்று அவள் கணவன் ஒருமுறை கேலி செய்து, அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

அவளுக்குத் தொழில் பல் செட் செய்வது. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாயின் அச்சில் மெழுகு ஊற்றி, பல் அடுக்கி, ஈறு நிறத்துக்குக் கலவை சேர்த்து, மேலும் கீழும் கடித்தால் ஒரு மயிரிழைகூட இடிக்காமல் அரத்தால் ராவி எடுக்கிற வேலை. கண்ணும் விரலும் தப்பு செய்யக்கூடாத வேலை. அப்படிப்பட்டவள் தன் வீட்டில், தன் கண்ணெதிரில் நடப்பதைக் கோட்டை விட்டுவிட்டாள் என்று ஒருத்தர் சொன்னால்?

பஞ்சுவின் அரிப்புக்காக அவள் படாத பாடு இல்லை. முதலில் பூச்சி என்றார்கள். சோப்பு மாற்றினாள், படுக்கை மாற்றினாள். பிறகு சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. கோழி ஆகாதோ என்று சந்தேகப்பட்டு, ‘ஆட்டுக்கறி’ என்று பெரிதாகப் போட்ட பொட்டலத்தை வாங்கிவந்து, பல மாதம் அதையே கொட்டினாள். அரிப்பு அடங்கவில்லை. ஒருநாள் பல் ராவும்போது மாட்டுகிற பூதக்கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஆட்டுக்கறிக்கு முன்னாலேயே கோழித்தூள் இருந்தது. அதற்குப் பிறகு கோழிக்கொழுப்பு. மருந்து என்று நினைத்து, இத்தனை மாதமும் தன் கையாலேயே விஷத்தை அளந்து போட்டிருக்கிறாள்.

அதன் பிறகுதான் இந்த டாக்டரம்மாவிடம் வந்தாள். அவர் முறையாகச் சொன்னார். நாய் பிறந்ததிலிருந்து தின்றே இராத ஒரு கறி, ஒரு கிழங்கு, அவ்வளவுதான். பிஸ்கட் கூடாது. கடிக்கும் எலும்பு கூடாது. பூச்சி மாத்திரையில்கூட கறி வாசனை சேர்த்தது கூடாது. இரண்டு மாதம் இப்படிப் பத்தியம் இருந்தால் தோல் ஆறும். ஆறிய பிறகு பழைய சாப்பாட்டில் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால் எது எதிரி என்று தெரியும். ஒரு வாய் தப்பினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் மாதம் பஞ்சு தேறியது. ராத்திரி முழுக்கச் சொறிந்து சங்கிலி குலுங்கும் சத்தம் நின்றது. அதற்கப்புறம்தான் மறுபடி சறுக்கியது.

அன்று மாலை வீட்டில் விசாரணை நடந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் கணவனையும் மகளையும் உட்காரவைத்து, எதிரில் நின்றுகொண்டாள்.

“உண்மையைச் சொல்லிடுங்க. நான் திட்ட மாட்டேன். யார் போட்டது?”

“திட்ட மாட்டேன்னு சொல்றப்பவே திட்டற மாதிரிதான் இருக்கு” என்றான் கணவன். அவன் லிப்ட் பழுது பார்ப்பவன். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். “நான் நாள் பூரா கம்பியில தொங்கறவன். நாய்க்குப் போட எனக்கு எங்க நேரம்?”

மகள் அழ ஆரம்பித்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் பஞ்சுவைக் கட்டிக்கொள்வதைத் தவிர அவள் வேறு பாவம் அறியாள். “நான் கை கழுவிட்டுத்தாம்மா தொடறேன். பிஸ்கட் தின்னா வாயைக் கூடக் கழுவறேன்.”

பக்கத்து வீட்டுக்காரியிடமும் நாசூக்காகக் கேட்டுப் பார்த்தாள். “எங்க வீட்ல நாலு ஆம்பளைங்க. நாய்க்குப் போடற அளவுக்கு மிச்சம் வெச்சா எனக்கே போதுமே” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது மாமனார். அவரைக் கேட்பதே அபத்தம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வாழ்நாளில் பாதியை உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாகக் கழித்ததாலோ என்னவோ, பேச்சு குறைவு. வேண்டும், வேண்டாம், போதும், தூக்கு, இறக்கு, எல்லாம் கைச் சைகைதான். நாயைக் கண்டாலே ஆகாது. பஞ்சு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, “அது” என்பார். போதாக்குறைக்குப் புதுப் பல் செட் கட்டியதிலிருந்து அவர் மேசைக்கே வருவதில்லை.

அந்த செட்டையும் அவள்தான் செய்தாள். ஊராருக்கு எல்லாம் செய்கிறோம், மாமாவுக்குச் செய்யாமலா என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. ஆனால் மாட்டிய சில நாளிலேயே, “குத்துதும்மா, எல்லார் முன்னாடியும் மென்னா அசிங்கமா இருக்கு” என்று சொல்லிவிட்டு, தட்டைத் தன் அறைக்கே வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். அவள் செட்டை வாங்கி ராவிக் கொடுத்தாள். மறுபடி குத்துகிறது என்றார். மறுபடி ராவினாள். எங்கே குத்துகிறது என்று கேட்டால் தொண்டைப் பக்கம் விரலைக் காட்டுவார். கடைவாயைச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். எப்படியோ, தட்டு மட்டும் கழுவி வைத்த மாதிரி காலியாகத் திரும்பி வரும். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. பல் குத்தினாலும் நம் சமையலை ஒரு பருக்கை விடுவதில்லையே!

கதவருகில் நின்று கேட்டாள். “மாமா, பஞ்சுவுக்கு நீங்க எதுவும்…”

அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையைக் கிடையாக வீசினார். இல்லை என்று அர்த்தம். “எனக்கும் அதுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?”

அதோடு அவள் விட்டுவிட்டாள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள், அவள் வேலை செய்யும் கூடத்தில் மெழுகு உருக்கும் சூளை பழுதாகிவிட்டது. இன்றைக்கு இனி வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார் முதலாளி. மத்தியான வெயிலில் பேருந்தை விட்டு இறங்கி, குறுக்குவழி என்று பின்சந்து வழியாக வந்தாள். மதிலுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகும் இடைவெளி. தண்ணீர்க் குழாயும் துணி காயும் கொடியும் உள்ள இடம். பகலில் பஞ்சுவை அங்கேதான் விட்டிருப்பார்கள்.

கொல்லைக் கதவைத் திறந்தால் பஞ்சு பாய்ந்து வந்து மேலே விழும். அன்று வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அது பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் சுவரில் ஊன்றி, மாமனார் அறை ஜன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது. முழங்கை வரை சட்டை. அதற்குள் இன்னொரு சட்டையின் விளிம்பு. விரல்களில் அவித்த முட்டையில் பாதி. கை மெதுவாகக் கீழே இறங்கியது, பெட்டியைக் கப்பலில் இறக்குகிற மாதிரி, அதிராமல், அவசரமில்லாமல். பஞ்சு அதைப் பல் படாமல் உதட்டால் வாங்கிக்கொண்டது. கை உள்ளே போயிற்று. திரும்ப வந்தபோது அதில் கோழிக்கறித் துண்டு.

காலையில் அவள் அவருக்காக ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போன கோழி. இவ்வளவு நாளும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனிதர். மறைத்தது மட்டுமா? நாயைக் கண்டால் ஆகாது என்று நாடகம் வேறு. இவர் செய்ததற்கு அவள் பெற்ற பெண்ணை அழவைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் பகையைத் தேடிக்கொண்டாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

மாமனார் ஜன்னலோரம் நின்றபடி விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. தட்டை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

“நீங்களா மாமா?”

அவர் துணியை மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

“கேட்டேனே! வாசல்ல நின்னு வாய்விட்டுக் கேட்டேனே! அன்னிக்கே சொல்லியிருக்கலாமே! அது தோலை நீங்க பார்த்தீங்களா? ராத்திரியெல்லாம் தன் உடம்பைத் தானே கடிச்சுக்குது. வாயில்லா ஜீவன். உங்களுக்கு அது மேல என்ன அவ்வளவு வெறுப்பு?”

“வெறுப்பு இல்லம்மா.”

“பின்ன பாசமா? பாசத்துல விஷம் வெப்பாங்களா?”

“விஷம்னு எனக்குத் தெரியாது. முட்டைதானே, நல்லதுதானேன்னு…” அவர் குரல் கரகரத்தது. “தூக்கிப் போட மனசு வரல. நீ காலங்காத்தால எழுந்து செய்யறே.”

“எதுக்குத் தூக்கிப் போடணும்? உங்களுக்குத்தானே செஞ்சேன்? என் சமையல் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க!” அவளுக்கு நிதானம் போய்விட்டது. பிறகு நினைத்து நினைத்து அவள் வெந்தது அடுத்துச் செய்ததற்காகத்தான். தட்டில் மிச்சமிருந்ததைத் தானே பிசைந்து, மேசைமேல் ‘டங்’ என்று வைத்து, நாற்காலியை இழுத்தாள். “உட்காருங்க. என் கண்ணு முன்னாடி சாப்பிடுங்க. இன்னிக்கு நான் பார்த்துட்டுத்தான் போவேன்.”

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். மறுத்திருக்கலாம். கையை வீசி, போ என்றிருக்கலாம். தப்பு செய்து பிடிபட்ட மனிதருக்கு அந்தத் தைரியம் வரவில்லை. உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைத்து மென்றார். அவள் செய்த பற்கள் மேலும் கீழும் சரியாகத்தான் பொருந்தி அரைத்தன. ஒரு குறையும் இல்லை. விழுங்கினார். இன்னொரு வாய். அதையும் விழுங்கினார்.

மூன்றாவதற்குக் கை நீளவில்லை. அவர் கண்கள் ஓரிடத்தில் நிலைகுத்தின. நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாகப் பூத்தது. ஒரு கை நெஞ்சின் நடுவில் போய் அழுத்தியது. எழுந்து நின்றார், குதிகாலைத் தூக்கினார், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார், மறுபடி குதிகாலைத் தரையில் இடித்தார். சாக்கில் தானியத்தைக் குலுக்கி இறக்குகிற மாதிரி. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் வாயருகே கொண்டுபோகவே ஒரு மடக்கு குடித்தார்.

தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்று, அப்படியே திரும்பி வந்தது. வாயிலும் மூக்கிலும். அதோடு முட்டையும் கறியும், மென்றது மென்றபடி, வயிற்றைப் பார்க்காமலே. பல் செட் தரையில் விழுந்து சுழன்றது.

“மாமா! ஐயோ மாமா!”

அவரைக் குனியவைத்து முதுகைத் தடவினாள். இருமி இருமி மூச்சு திரும்ப வெகு நேரமாயிற்று. நனைந்த சட்டையைக் கழற்றினாள். உள்ளே இன்னொரு சட்டை. அதையும் கழற்றினாள். அதற்குள் ஒரு கம்பளிப் பனியன். “வயசாச்சு, குளிருது” என்று சொல்லிச் சொல்லி அவர் போட்டுக்கொண்டவை. கடைசியில் அவர் உடம்பு வெளியே வந்தபோது அவள் கை வாயை மூடிக்கொண்டது.

எலும்பு. ஒவ்வொரு விலாவும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளும்படி. தோள்பட்டை இரண்டும் கொடியில் மாட்டிய கொக்கி மாதிரி. இடுப்பில் கால்சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தது பெல்ட் அல்ல, பொட்டலம் கட்டும் கயிறு. இந்த மனிதர் தன் வீட்டில், அடுத்த அறையில், அவள் ஆக்கிய சோறு காலியாகிறது என்று அவள் பூரித்துக்கொண்டிருந்த நாளெல்லாம், பட்டினி கிடந்து கரைந்துகொண்டிருந்திருக்கிறார்.

“உள்ள போகலம்மா” என்றார் அவர், பல்லில்லாத வாயால். “எதுவும் உள்ள போக மாட்டேங்குது.”

“எத்தனை நாளா?”

கையை விரித்தார். “முதல்ல ரொட்டி. அப்புறம் கறி. இப்ப தண்ணி கூட நின்னு நின்னுதான் இறங்குது. பாலை மட்டும் ஆத்தி ஆத்திக் குடிக்கிறேன்.”

“பல்லு குத்துதுன்னு சொன்னீங்களே!”

“வேற என்ன சொல்றது?”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராவிக் கொடுத்தேனே, ராவிக் கொடுத்தேனே என்று மனம் அடித்துக்கொண்டது. தொண்டையைக் காட்டினாரே, நான் கடைவாயைப் பார்த்தேனே.

“ஏன் மாமா சொல்லல? உங்க பிள்ளைக்காவது சொல்லியிருக்கலாமே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. புத்துநோய்னாங்க. அறுத்தாங்க, கரண்டு வெச்சாங்க, மூக்குல குழாய் விட்டாங்க. ஆறு மாசம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தூக்கிட்டு அலைஞ்சு, கடைசில அண்ணன் என் கையைப் புடிச்சுக்கிட்டு, ‘இதுக்குப் பட்டினியாவே செத்திருக்கலாம்டா’ன்னான். அது காதுலயே நிக்குது.” மூச்சு வாங்கினார். “என் பிள்ளைகிட்ட சொல்லாதே. உன் கால்ல வேணா விழறேன்.”

“சொல்லாம இருக்க நான் கல்லு இல்ல மாமா” என்று அவள் தொலைபேசியை எடுத்தாள்.

கணவன் கிரீஸ் படிந்த உடுப்போடு ஓடி வந்தான். அப்பாவின் வெற்றுடம்பைப் பார்த்து அறை வாசலிலேயே நின்றுவிட்டான். அவனுக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. “நாய்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது, என்கிட்ட சொல்லத் தெரியலையாப்பா?” என்று கத்தினான். பிறகு குனிந்து, குழந்தையைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கிக்கொண்டான். தூக்கியவனுக்கு எடையே தெரியவில்லை. காரில் போகும் வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். “எடையே இல்லடி. எடையே இல்ல.”

மருத்துவமனையில் வெள்ளையாக ஏதோ திரவத்தைக் குடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள். கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். நரம்பில் ஊசி போட்டு சத்து ஏற்றினார்கள். அந்தச் சில நாட்களில் அவளும் கணவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே அஞ்சினார்கள். பார்த்தால், நீ ஏன் கவனிக்கவில்லை என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவாரோ என்ற பயம். மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார்.

பெரிய டாக்டர் படத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் மாட்டினார். படத்தில் உணவுக்குழாய் பை மாதிரி உப்பி, அடியில் எலிவால் மாதிரி ஒடுங்கியிருந்தது.

“இங்க பாருங்க. குழாய் அடியில ஒரு வளையத் தசை இருக்கு. வாசக்கதவு மாதிரி. நாம விழுங்கறப்போ அது திறக்கணும். இவருக்கு அது திறக்கறதில்ல. சாப்பாடு எல்லாம் மேலயே தேங்கி நிக்குது.”

“கட்டியா டாக்டர்?” கணவனின் குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது.

“கட்டி இல்ல. சதை எடுத்துச் சோதிச்சுட்டோம். புத்துநோய் இல்ல. இவங்க அண்ணனுக்கு வந்தது வேற, இவருக்கு வந்திருக்கறது வேற. வாய் வழியா ஒரு பலூனை விட்டு அந்தத் தசையை விரிச்சுவிடலாம். முழுசாப் பழையபடி ஆகும்னு சொல்லல. ஆனா சாப்பிடுவார். இப்பவாவது கூட்டிட்டு வந்தீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பட்டினியே ஆளை முடிச்சிருக்கும்.”

நல்ல செய்திதான். ஆனால் அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. இடி விழும் என்று தலையைக் குனிந்தவர்களுக்கு அது விழாமல் போனதும் ஓர் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். மாமனார் படத்தையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப நான் சாகலையா?”

“இப்போதைக்கு இல்லைங்க.”

அவர் உதடு துடித்தது. “அடப்பாவமே, சைக்கிளைத் தூக்கி அந்தத் தடியனுக்குக் கொடுத்துட்டேனே!” என்றார். துறைமுகத்துப் பழைய கூட்டாளி ஒருவருக்கு, சாகப்போகிறவனுக்கு எதற்குச் சைக்கிள் என்று, போன மாதம் சும்மா கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். அவ்வளவு பெரிய அழுகையை அந்த வீட்டில் யாரும் அவரிடம் கண்டதில்லை.

பலூன் வைத்தார்கள். மறுநாள் கஞ்சியாகக் கரைத்த எதையோ ஒரு கிண்ணத்தில் கொடுத்தபோது அவர் முதல் வாயை விழுங்கிவிட்டு, கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். காத்திருந்தார். அவர்களும் காத்திருந்தார்கள். அது இறங்கிவிட்டது. இறங்கிய வழியை விரலால் நெஞ்சில் கோடு போட்டுக் காட்டினார்.

டாக்டரம்மாவிடம் பஞ்சுவை மறுபடி அழைத்துப் போனபோது அவள் நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் யாரோ பிஸ்கட் போடறாங்கன்னு நினைச்சேன்” என்றார். கொஞ்ச நேரம் பஞ்சுவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் இப்போது இரண்டு பத்தியம் நடந்தது. பஞ்சுவுக்குப் பழையபடி முயலும் உருளைக்கிழங்கும், முதலிலிருந்து. மாமனாருக்குக் குழைய வெந்தது, கொஞ்சம் கொஞ்சமாக, நிமிர்ந்து உட்கார்ந்து, சாப்பிட்டதும் படுக்காமல். அவர் மேசைக்கு வந்துவிட்டார். எல்லாரும் எழுந்த பிறகும் உட்கார்ந்து மென்றுகொண்டிருப்பார். அவளும் எழாமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், “அன்னிக்கு உங்களை வற்புறுத்தி…” என்று அவள் ஆரம்பித்தபோது அவர் உள்ளங்கையைக் கிடையாக வீசிவிட்டார். ஆனால் சில நேரம் அவர் விழுங்கும்போது அவள் மூச்சு நின்றுவிடும். அவர் அடுத்த வாய் எடுத்த பிறகுதான் வரும்.

பஞ்சுவின் தோல் ஆறியது. விரல் இடுக்கு வெளுத்தது, வயிற்றில் பூனைமுடியாகப் புது முடி முளைத்தது. இனி எது எதிரி என்று கண்டுபிடிக்க வேண்டும், ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டரம்மா. மாமனார்தான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“நல்லா இருக்கிற ஜீவனை எதுக்குச் சீண்டறீங்க?”

“தெரிஞ்சாத்தான் மாமா அதுக்கு ஆயுசுக்கும் எது போடலாம்னு முடிவு பண்ண முடியும்.”

முதலில் முட்டையைக் கொடுத்தார்கள். ஒரு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. அவர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குனிந்து பஞ்சுவின் காலைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு கோழி. இரண்டே நாளில் பஞ்சு உட்கார்ந்து பாதத்தை நக்க ஆரம்பித்தது, காது சிவந்தது. கோழியை நிறுத்தினார்கள். அது அடங்கியது. கோழிதான் எதிரி, முட்டை இல்லை.

அவள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது மாமனார் மெல்லுவதை நிறுத்தினார்.

“முட்டை ஒண்ணும் பண்ணலையா?”

“ஒண்ணும் பண்ணல மாமா. கோழிதான்.”

அவர் யோசித்தார். “அப்ப நான் செஞ்சதுல பாதிதான் குத்தம்.”

கணவனுக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. புரையேறி இருமிக்கொண்டிருந்த கணவன் பக்கம் அவள் கை தானாகப் பாய்ந்து, அவன் முதுகைப் பிடித்திருந்தது. அவன் இருமல் நின்று, “எனக்கு ஒண்ணும் இல்ல, விடு” என்ற பிறகும் அவள் விடவில்லை.